இடிமழை, உறைபனி, புகை: அகில இந்திய வானிலை அறிக்கையை வாசிக்கும் முறை

நவம்பர், டிசம்பரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அகில இந்திய அறிக்கையைத் திறந்தால் தமிழகக் கரையில் இடிமழை, இமயமலைச் சரிவுகளில் உறைபனி, டெல்லிப் பக்கம் புகைமூட்டம் என மூன்றும் ஒரே நாளில் வரக்கூடும்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். அறிக்கையின் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. வெளியான நேரத்திலிருந்து மறுநாள் காலை 8.30 வரை முதல் நாள், பிறகு 8.30 முதல் 8.30 வரை ஒவ்வொரு நாள். 5ஆம் தேதிக்குச் சொன்ன மழை 6ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குக் கொட்டினாலும் கணிப்பு சரிதான். 'நேற்றே பெய்யும் என்றார்களே' என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது.

அடுத்து இடத்தைக் குறிக்கும் சொற்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்த வானிலை உட்பிரிவின் (கணிப்புக்காக நாட்டைப் பிரித்த பகுதிகளில் ஒன்று) மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை, 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50, 'அநேக இடங்களில்' 51 முதல் 75, 'பெரும்பாலான இடங்களில்' அதற்கும் மேல். அகில இந்திய அறிக்கையில் தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. அதில் 'கனமழை' என்றிருப்பது நாகப்பட்டினத்துக்கா தருமபுரிக்கா என்று தெரியாது. சென்னை மண்டல மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. எச்சரிக்கையின் நிறம் மழையளவை மட்டும் சொல்வதல்ல. பாதிப்பையும் அதற்கான வாய்ப்பையும் சேர்த்துச் சொல்வது. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள்.

இடிமின்னலுக்கு நாள் கணிப்பு போதாது. எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாளே சொல்ல முடியாது. வயலுக்கோ கடலுக்கோ கிளம்புமுன் மூன்று மணி நேர உடனடிக் கணிப்பையும், மின்னல் காட்டும் 'தாமினி' செயலியையும் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

உறைபனியில் பலரும் தவறுவது வெப்பநிலை எண்ணில். அறிக்கையில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலை, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிழற்கூண்டில் அளந்தது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழப்பதால் புல்நுனி அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். அதனால் ஊட்டியில் 4 டிகிரி என்று வந்தாலே பள்ளத்துத் தேயிலையிலும் கேரட்டிலும் உறைபனி படியலாம். கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். முந்தின மாலையே மண்ணை நனைத்து வையுங்கள், ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். இளஞ்செடிகளைக் காய்ந்த புல்லால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு இலையில் பட்டால் பட்ட இடம் கருகும், ஆகவே குச்சி நட்டு உயர்த்திக் கட்ட வேண்டும். தெளிப்பான் ஓட்டுவதென்றால் பனி முழுதும் கரையும்வரை நிறுத்தாதீர்கள். நடுவில் நின்றால் ஆவியாகும் நீர் செடியை மேலும் குளிர்விக்கும்.

உறைபனிக்கு வழிவிடும் அதே அசைவற்ற தெளிந்த இரவுதான் சமவெளியில் புகையையும் தரையோடு அழுத்துகிறது. பஞ்சாப், ஹரியானாவில் எரிக்கும் நெற்தாளின் புகை வடமேற்குக் காற்றில் வந்து டெல்லியில் தேங்குகிறது. டெல்லி காற்றுத்தர அறிக்கையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: காற்றின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே, காற்றோட்டக் குறியீடு (புகையைக் கலைக்கக் காற்றுக்கு உள்ள திறன்) 6000க்குக் கீழே என்றால் புகை கலையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை 4 மணிக்குத் தரும் காற்றுத் தரக் குறியீடு முந்தைய 24 மணி நேர சராசரி. விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போகலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மணிநேரத்து நிலைய அளவைப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 தேவை. போகியன்று அதிகாலை சென்னையிலும் இதே கணக்குதான்: காற்று அசையாவிட்டால் ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிப் புகை விலகும்வரை ஜன்னலைத் திறக்க வேண்டாம்.