டர்போ பூட்டிய டீசலில் கம்ப்ரஷனைக் குறைக்கும் முன்

பழைய டீசல் எஞ்சினில் டர்போ (புகைவாயுவால் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பூட்டியதும், கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, குறைக்கப் பிஸ்டனைக் கடைய ஓடாதீர்கள். 0.5 பார் அளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) என்றால் கம்ப்ரஷனை அப்படியே விட்டு, அந்தப் பணத்தில் டர்பைனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி பொருத்துங்கள். பாரம் ஏறும்போது முள் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எஞ்சினின் எரிபொருள் பம்பில் டீசலைக் குறையுங்கள்.

டீசலில் பிஸ்டனை உருக்குவது பெரும்பாலும் அளவுக்கு மீறி ஊற்றிய எரிபொருள்தான். கம்ப்ரஷனைக் குறைத்தால் காலைக் குளிரில் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கி அடம்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.6 லிட்டர் டீசலைப் பாருங்கள்: டர்போ இல்லாததற்கும் இருப்பதற்கும் கம்ப்ரஷன் விகிதம் 23:1தான். (டர்போ எஞ்சினின் உதிரிபாகங்கள் மட்டும் உறுதியானவை.) அதில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்கிற்கும் மேலுள்ள ஹெட்டிற்கும் இடையிலான அடைப்புத் தகடு) 0.1 மில்லிமீட்டர் தடித்தாலே விகிதம் ஏறக்குறைய 22.5 ஆகிவிடும். தடிமன் என்பது பிஸ்டன் பிளாக்கிற்கு மேல் துருத்தும் அளவைப் பார்த்துத் தேர்வது; மனம்போல் மாற்றுவதற்கில்லை.

பூஸ்ட் 1 பாரை வெகுவாகத் தாண்டினாலோ, கேஸ்கெட் அடிக்கடி ஊதிக்கொண்டாலோ இந்தக் குறிப்பு உதவாது. அப்போது குறைந்த கம்ப்ரஷன் பிஸ்டனும் வலுவான ஹெட் போல்ட்டும் தேவை.