டர்னிப்பில் பேய் முகம் வெட்டுவது எப்படி

அயர்லாந்துக்கு வந்த முதல் வருடம், அக்டோபர் 31, ஹாலோவீன் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஓர் எலும்புக்கூடு, ஒரு சூனியக்காரி, உடம்பெல்லாம் டாய்லெட் பேப்பர் சுற்றிய ஒரு பொடியன். வேஷம் போட்ட மூன்று பிள்ளைகளும் மிட்டாய்க்காகப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் மிட்டாய் கிடையாது. அவசரத்துக்கு ஆளுக்கு இரண்டு முறுக்கு போட்டேன். எலும்புக்கூடு முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தேங்க்யூ சொல்லிப் போனது. அதற்கப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, ஆள் இல்லாத வீடு மாதிரி நாங்கள் சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டோம்.

மறுவருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கையோடு பிடித்துக்கொண்டார். பேய் முகம் வெட்டி உள்ளே விளக்கு வைக்க நான் பூசணி வாங்கி வைத்திருந்ததைப் பார்த்ததும், “அது அமெரிக்கா போய்த் திரும்பி வந்த சமாச்சாரம். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டர்னிப்தான்” என்றார். அன்றிலிருந்து என் வீட்டு வாசலில் டர்னிப் கிழங்குதான். மீத் மாவட்டத்துக்குப் புதிதாக வரும் நம் குடும்பங்கள் கேட்டால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

இங்கே டர்னிப் என்று விற்பது சின்ன வெள்ளைக் காய் இல்லை. ஊதாத் தோலும் மஞ்சள் சதையுமாகக் குழந்தையின் தலை அளவு இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறையாததாக, அடி அகலமானதாகப் பார்த்து எடுங்கள். பூசணி மாதிரி உள்ளே காலியாக இருக்காது. முழுக்க முழுக்கக் கல். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடியைச் சமமாகச் சீவி, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மேலே மூடி மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்து வையுங்கள். நடுவில் கத்தியை நேராகக் குத்தினால் சிக்கிக்கொள்ளும். முதல் தடவை அப்படிச் சிக்கியதை உருவப் போய்க் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். அதனால் சுவரில் ஓட்டை போடும் டிரில்லை நன்றாகக் கழுவி, நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு குழிகள் போட்டுவிடுங்கள். அப்புறம் கனமான இரும்புக் கரண்டியால் சுரண்டினால் சதை பொடிப்பொடியாக வரும். சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். கண்ணும் மூக்கும் முக்கோணமாக, சின்னக் கத்தியால், வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டவும். வாயில் இரண்டு மூன்று பற்களை விட்டு வைத்தால் போதும். சுரண்டிய சதையைக் கொட்டாதீர்கள். கடுகு, மிளகாய் தாளித்துப் பொரியல் செய்தால் கொஞ்சம் தித்திப்பாக நன்றாகவே இருக்கும்.

சுரண்டும்போது கை ஓய்ந்து பிள்ளைகள் சிணுங்குவார்கள். கஞ்ச ஜாக் கதையைச் சொல்ல அதுதான் நேரம். ஜாக் சாத்தானோடு குடித்துவிட்டு, காசு கொடுக்க மனமில்லாமல், “நீயே நாணயமாக மாறேன்” என்கிறான். மாறியதும் பையில் சிலுவைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறான். சாத்தானால் வெளியே வர முடியவில்லை. உன் உயிரை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விடுகிறான். கடைசியில் செத்துப்போனால் சொர்க்கமும் சேர்க்கவில்லை, சொன்ன சொல்படி நரகமும் சேர்க்கவில்லை. நம் திரிசங்கு கதிதான். வழிக்கு வெளிச்சமாகச் சாத்தான் வீசிய ஒரு நெருப்புத் துண்டை, டர்னிப்பைக் குடைந்து அதற்குள் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே குடைவதற்குச் சுலபமான பூசணி கிடைத்தது. டர்னிப் சுரண்டிப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பழைய முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையா? மேயோ மாவட்டம் காசில்பார் பக்கத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகக் கிளையில், டோனகலிலிருந்து 1943இல் வந்த ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய கிழட்டு முகம். பூசணிக்கு அந்தப் பயங்கரம் வரவே வராது.

இதற்கெல்லாம் முந்தியது ‘சவ்வின்’ (Samhain) என்ற பழைய ஐரிஷ் பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு அது. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் அந்தப் பெயர்தான். அன்று மறு உலகத்தின் கதவு திறந்திருக்கும் என்பது நம்பிக்கை. இதே மீத் மாவட்டத்தில், அத்பாய் ஊருக்குப் பக்கத்தில் உள்ள வார்டு குன்றில் அன்று பெருநெருப்பு மூட்டினார்கள் என்பது மரபு. இதைப் பற்றிய கதைகளை எழுதி வைத்தவர்கள் பிற்காலக் கிறிஸ்தவத் துறவிகள் என்பதால், ‘இரண்டாயிரம் வருடம் முன்பு இப்படித்தான் ஆடினார்கள்’ என்று அடித்துப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. பிறகு திருச்சபை அனைத்துப் புனிதர் திருநாளை நவம்பர் 1இல் வைத்தது. அதற்கு முந்தின மாலை என்ற பொருளில் வந்ததுதான் ஹாலோவீன் என்ற பெயர். மறுநாள், நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கும் தெரிந்த கல்லறைத் திருநாள்.

சரி, அன்றைய தினத்துக்கு வருவோம். கடையில் பார்ம்பிராக் வாங்குங்கள். உலர்திராட்சை போட்ட வட்ட ரொட்டி, உள்ளே ஒரு மோதிரம் இருக்கும். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்குச் சீக்கிரம் கல்யாணம். முன்பு நாணயமும் கந்தல் துணியும்கூட வைப்பார்களாம்: நாணயம் பணத்துக்கு, கந்தல் வறுமைக்கு. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் துண்டைப் பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். அணைந்திருந்தால் தட்ட மாட்டார்கள். சின்ன பாக்கெட்டாகக் கட்டிய மிட்டாய்தான் நல்லது, முறுக்கு வேண்டாம். வேஷ உடைகள் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதனால் விளக்கைப் பிள்ளைகள் நடக்கும் பாதையில் வைக்காதீர்கள். பட்டறை மேசை, ஜன்னல் திண்டு மாதிரி உயரமான இடம் சரி. தீபாவளி பக்கத்திலேயே வருவதால் இன்னொன்று: இங்கே உரிமம் இல்லாமல் ராக்கெட், அதிர்வேட்டு வைத்திருப்பதே குற்றம். கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தி ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் மூடியின் அடிப்பக்கம் வெந்து, சுட்ட கிழங்கு வாசனை தெருவரை வரும். மூன்று நான்கு நாளில் முகம் சுருங்கி, வாய் உள்ளே போய், அப்போதுதான் நிஜமாகவே பயமாக இருக்கும். அதுவரை வைத்திருந்துவிட்டு, மக்கும் குப்பைக்கான பிரவுன் தொட்டியில் போடுங்கள். உள்ளே இருக்கும் மெழுகுவத்தியின் தகரக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் போடவும். போன வருடம் நான் மறந்து, தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினேன்.