விளக்கெண்ணெயில் பால்ரஸ் போட்டுப் பாகுநிலை பார்ப்பது எப்படி

சூடானால் எண்ணெய் இளகும் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு இளகும் என்பதுதான் ஆச்சரியம், அதை வீட்டிலேயே அளந்துவிடலாம். பாகுநிலை என்பது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு; அது கூடக் கூட, உள்ளே போடும் பால்ரஸ் (சின்ன எஃகுக் குண்டு) மெதுவாக இறங்கும். நான் விளக்கெண்ணெயைத்தான் சொல்வேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும், அது வேறு கதை. தண்ணீரிலோ குண்டு கண்ணில் படுவதற்குள் அடியில் போய் விழுந்துவிடும்.

250 மில்லி கண்ணாடி அளவு ஜாடி, அது நிறைய எண்ணெய், சைக்கிள் கடையில் கிடைக்கிற 3 மி.மீ. பால்ரஸ் கொஞ்சம், ஒரு காந்தம், செல்போன், 100 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், இவ்வளவு போதும். காய்ச்சல் பார்க்கிறது உதவாது. ஜாடியில் எண்ணெய் மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே ஒரு கோடு, அதிலிருந்து 15 செ.மீ. கீழே இன்னொரு கோடு போடுங்கள். மேலே இடம் விடுவது குண்டு சீரான வேகத்துக்கு வருவதற்காக.

ஜாடியை அடுப்பில் வைத்துவிடாதீர்கள், கண்ணாடி தெறிக்கும். வெந்நீர் வாளியிலோ ஐஸ் தண்ணீரிலோ நிறுத்தி, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கிவிட்டு, மேலேயும் அடியிலேயும் ஒரே வெப்பம் காட்டுகிற வரை காத்திருங்கள். இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள், நானும் முதல் தடவை அவசரப்பட்டு மொத்தக் கணக்கையும் குழப்பிக்கொண்டேன். ஏனென்றால் 2 டிகிரி தவறினாலே நேரம் 15 சதவீதம் போல மாறிவிடும், ஸ்டாப்வாட்சை எவ்வளவு துல்லியமாக அமுக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் குண்டை எண்ணெயில் நனைத்து, ஜாடியின் நடுவில் விடுங்கள். இரண்டு கோட்டையும் கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். 10 டிகிரியில் 11 நொடி, 20இல் நாலரை, 30இல் 2 நொடி, இந்த அளவில் வரும். 40இல் ஒரு நொடிதான், கையால் பிடிக்க முடியாது, ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வெப்பத்திலும் மூன்று தடவை விட்டுச் சராசரி எடுங்கள். விழுந்த குண்டை வெளியிலிருந்தே காந்தத்தை ஜாடியோடு ஒட்டி மேலே இழுத்துவிடலாம், எண்ணெயில் கையை விட வேண்டாம்.

வெப்பத்தையும் நேரத்தையும் வைத்து வரைபடம் போட்டால் நேர்க்கோடாக வராது. முதலில் செங்குத்தாகச் சரிந்து பிறகு படியும். விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரியில் 986 மில்லிபாஸ்கல்-நொடி (பாகுநிலையை அளக்கும் அலகு), 30இல் 451, 40இல் 231. பத்து டிகிரி ஏறினால் பாதி! மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடி, சூட்டில் அவை வேகமாக ஆட ஆட எளிதில் விட்டுப்போகிறது, அதனால்தான் இப்படி. தண்ணீரில் அந்த இறக்கம் சின்னது, 20 டிகிரியில் 1, 40இல் 0.65.

காற்றில் நேர்மாறு, சூடேறினால் பாகுநிலை கூடும். ஆனால் அதைப் பால்ரஸ் போட்டுப் பார்க்க முடியாது.