ஆறு விழுக்காட்டு மயக்கம்: முதலீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் அவ்வப்போது முதலீடு பற்றிப் பேசப் போவதுண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், மீதிப் பேர் ஓய்வை நெருங்குகிறவர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதே என்பது போன்ற பாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும்.

பெயரில் பத்திரம், குணத்தில் பங்கு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஒருமுறை கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் மடித்த தாளை நீட்டினார். ஒரு நிறுவனம் வெளியிட்ட ‘பெர்பெச்சுவல்’ வகைப் பத்திரம். 6 விழுக்காடு என்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று ஓரத்தில் கணக்கும் போட்டிருந்தார். “இது பாண்டுதானே தம்பி, ஷேர் இல்லையே?” என்றார். தாளைத் திருப்பினால் பொடி எழுத்தில் மூன்று விஷயங்கள். முதலைத் திருப்பித் தர தேதி கிடையாது. நிறுவனம் நினைத்தால் வட்டியைத் தள்ளிப்போடலாம். நிறுவனம் மூழ்கினால், வங்கிகளும் கடன் கொடுத்த மற்றவர்களும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்தால்தான் இவருக்கு. அந்தப் பக்கத்தில் பேனா படவே இல்லை.

தெரிந்தவர் ஒருவர் வந்து, ‘வட்டி தருகிறேன், ஆனால் முதல் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது, கையைக் கடித்தால் வட்டியும் நிற்கும்’ என்று கைமாற்று கேட்டால் கொடுப்போமா?

கணக்கைப் பாருங்கள். 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டால் ஆண்டுக்கு 600 வெள்ளி. நிறுவனம் எவ்வளவு கொழித்தாலும் அதே 600தான். மூழ்கினாலோ பத்தாயிரமும் போகலாம். அப்படி ஒன்று போனால், அதை ஈடுகட்ட அதே அளவு பணம் போட்ட வேறு 17 பத்திரங்கள் ஓராண்டு ஒழுங்காக வட்டி தர வேண்டும். பங்கு வாங்கியவருக்கும் முதல் போகலாம்தான், ஆனால் நிறுவனம் வளர்ந்தால் அவருடைய லாபத்துக்கு உச்சவரம்பு இல்லை. இங்கே பங்குக்காரரின் அபாயத்தைச் சுமந்துகொண்டு பத்திரக்காரரின் கூலியை வாங்குகிறோம்.

சிங்கப்பூரின் நீர் நிறுவனமான ஹைஃப்ளக்ஸ் கதை இதுதான். 2011இல் 400 மில்லியன் வெள்ளிக்கு முன்னுரிமைப் பங்குகள் (சாதாரணப் பங்குக்காரருக்கு முன்பாக, நிர்ணயித்த விகிதத்தில் ஈவு தருபவை), 2016இல் 500 மில்லியன் வெள்ளிக்குப் பெர்பெச்சுவல், இரண்டுக்கும் 6 விழுக்காடு. ஏடிஎம்மிலேயே விண்ணப்பிக்கலாம். அரசாங்கத்துக்குக் குடிநீர் தருகிற நிறுவனம் வேறு, அப்புறம் என்ன பயம்? முன்னுரிமைப் பங்குகளை 2018 ஏப்ரலில் திருப்பி வாங்காவிட்டால் விகிதம் 8 ஆக உயரும் என்ற நிபந்தனையைப் பலர் இனிப்பாகவே பார்த்தார்கள். ஏப்ரலில் திருப்பி வாங்கவில்லை. மே மாதம், கடன் கொடுத்தவர்கள் நெருக்காமல் இருக்க, நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போனது. ஏறக்குறைய 34,000 சில்லறை முதலீட்டாளர்களின் பணம் அதில் மாட்டியது.

இனி யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால் நான் கேட்பது: முதிர்வுத் தேதி உண்டா? வரிசையில் நமக்கு எந்த இடம்? இதே காலத்துக்கு அரசாங்கப் பத்திரம் என்ன தருகிறது? அது 3 தரும்போது இது 6 தந்தால், அந்தக் கூடுதல் 3 இனாம் இல்லை, அபாயத்துக்கான கூலி. அந்தக் கூலி போதுமா என்பதுதான் கேள்வி.

பெரியவர் கடைசியில் வாங்கிவிட்டார். வட்டி ஒழுங்காக வருகிறது. தேக்காவில் பார்க்கும்போதெல்லாம் “என்ன தம்பி, அப்படிப் பயமுறுத்தினீங்களே” என்று கேலி செய்கிறார். சரி, வரட்டும். பின்பக்கத்தை அவர் இன்னும் படிக்கவில்லை.

பாண்டு விலை இறங்காது என்ற நினைப்பு

இறங்கும். ஆண்டுக்கு 2 விழுக்காடு தரும் பத்தாண்டுப் பத்திரம் வைத்திருக்கிறீர்கள், சந்தை வட்டி 3 ஆகிறது என்றால், உங்கள் 100 வெள்ளிப் பத்திரத்தை இன்று சுமார் 91.50க்குத்தான் விற்க முடியும். முதிர்வு வரை காத்திருந்தால் 100 கிடைக்கும். பல பத்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பாண்டு நிதிகளுக்கு அப்படி ஒரு முதிர்வுத் தேதி பொதுவாகக் கிடையாது. 2022இல் வட்டி ஏறி, நிதிகளின் விலை இறங்கியபோது பலர் கற்றுக்கொண்டது இதை.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. 500 வெள்ளியில் தொடங்கலாம், எந்த மாதமும் முதல் குறையாமல் எடுக்கலாம்.

டி-பில்லுக்கு மத்திய சேம நிதிப் பணம்

டி-பில் என்பது அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம். 2022 டிசம்பரில் ஆறு மாத டி-பில் 4.40 விழுக்காட்டைத் தொட்டபோது வங்கி வாசல்களில் வரிசை நின்றது. சேம நிதியின் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடுதானே! ஆனால் சேம நிதி வட்டி அந்தந்த மாதத்தின் ஆகக் குறைந்த இருப்புக்குத்தான். பணம் வெளியேறும் மாதம், திரும்பும் மாதம் இரண்டையும் சேர்த்தால், ஆறு மாத டி-பில்லுக்காகச் சேம நிதியின் ஏழெட்டு மாத வட்டி கைவிட்டுப் போகும். டி-பில் விகிதம் உயரமாக இருந்தபோது இது உறைக்கவில்லை. விகிதம் இறங்கிய பிறகும் பழக்கதோஷத்தில் போடுகிறார்கள்.

குறியீட்டு நிதியும், கூடவே வங்கிப் பங்கும்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் 30 நிறுவனங்கள். குறியீட்டு நிதி அவற்றையே வாங்குகிறது. ஆனால் எடையில் ஏறத்தாழப் பாதி மூன்று உள்ளூர் வங்கிகள். கூடவே வங்கிப் பங்கும் வாங்கினால் அதே இடத்தில்தான் பணம் குவிகிறது.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவது

வேண்டாம்.

‘இறங்கட்டும், வாங்கலாம்’

2007 அக்டோபரில் குறியீடு 3,800ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே. இறங்கட்டும் என்று கையில் ரொக்கத்தோடு காத்திருந்தவர்கள் அப்போது வாங்கினார்களா? பலர் வாங்கவில்லை, ‘இன்னும் இறங்கும்’ என்றார்கள். எந்த விலையில் எவ்வளவு வாங்குவது என்பதைச் சந்தை அமைதியாக இருக்கும்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் 100 பங்குகளாகவே வாங்க முடிகிறது, முன்பு 1,000 வாங்க வேண்டும். ஆனால் தரகுக் கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், சிறு தொகையை மாதாமாதம் போடுவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துப் போடுவது மலிவு.