வம்ச அட்டவணையில் வேலைக்காரர்கள்: பிரசங்கிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இளம் போதகர் ஒருவர் யூதாவின் வம்ச அட்டவணையான 1 நாளாகமம் 2-ஐ எடுத்துப் பேசினார். பத்தாவது நிமிடத்திலேயே அவர் எங்கே போய் நிற்பார் என்று தெரிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழி. பெயர்களைத் தப்பாக உச்சரிப்பது, அதிகாரத்தையே தாண்டிவிடுவது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எகிப்தியனை இயேசுவின் பாட்டனாக்குவது

யூதா வம்சத்துச் சேசானுக்கு மகன் இல்லை, மகள்கள்தாம். வீட்டில் யர்கா என்றோர் எகிப்திய வேலைக்காரன். அவனுக்கே மகளைக் கட்டிக்கொடுக்கிறான், அத்தாயி பிறக்கிறான். அத்தாயி முதல் எலிசாமா வரை 13 பெயர்கள். நடுவில், 37-ம் வசனத்தில், ஓர் ஓபேத் வருகிறான். தாவீதின் பாட்டன் பெயரும் ஓபேத். போதாதா பிரசங்கிக்கு? ஓபேத், ஈசாய், தாவீது, அப்படியே பெத்லகேம் தொழுவம்வரை ஓடிவிடுவார்.

நானும் ஓடினேன். பேசியதோடு விட்டேனா? "மேசியாவின் வம்சத்தில் ஓர் அடிமை" என்று 300 துண்டுப்பிரதிகளைச் சொந்தக் காசில் அச்சடித்தேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு பாட்டியம்மா என்னை நிறுத்தினார். எண்ணெய்ப் பிசுக்கேறிய தன் வேதாகமத்தைத் திறந்து 9-ம் வசனத்தில் விரலை வைத்து, "இதை வாசியுங்கள், ஐயா" என்றார். யூதாவின் பேரன் எஸ்ரோனுக்கு மூன்று மகன்கள்: யெர்மெயேல், ராம், கெலுபா. விரல் 12-க்கு இறங்கியது. போவாஸ் பெற்ற ஓபேத், ராமின் கிளை. பிறகு 25, 31. சேசான், யெர்மெயேலின் கிளை. ஓபேத் இரண்டு பேர். துண்டுப்பிரதிக் கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

காசு போனதைவிட உறுத்துவது வேறு. தாவீதோடு ஒட்டவைத்தால்தான் யர்காவுக்கு மதிப்பு என்று நினைத்தேனே! ராமிலிருந்து தாவீதுவரை அந்த அதிகாரம் தருவது 6 வசனங்கள். யர்காவின் குடும்பத்துக்கு 8. கடைசியில் வரும் எலிசாமா ராஜாவா, தீர்க்கதரிசியா என்று ஒரு சொல் கிடையாது. யாராகவும் ஆகாத அந்த வழி யூதாவின் வம்சத்துக்குள் முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. நான் அதை வாசிக்கவே இல்லை.

"வேலைக்காரன்" என்பதை இன்றைய காதால் கேட்பது

எபிரெய மூலத்தில் எபெத். அடிமையும் அதே சொல், அரசனின் ஊழியரும் அதே சொல். யர்காவுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓபேத் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். அடிமையின் வழிவந்த பிள்ளைக்கு அந்தப் பெயரா என்று எனக்கு அங்கே சற்று நிற்கத் தோன்றும். அதன்மேல் ஒரு பிரசங்கம் கட்ட மாட்டேன்.

ஆதியாகமம் 24-ல் எலியேசர்

ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஆபிரகாமின் வேலைக்காரனை எலியேசர் என்றே சொல்லிவிடுகிறோம். அந்த அதிகாரத்தில் அந்தப் பெயரே இல்லை.

பில்காளையும் சில்பாளையும் விட்டுவிடுவது

இவர்கள் யாக்கோபின் மனைவிகளுடைய வேலைக்காரிகள். இஸ்ரவேலின் பன்னிரண்டில் நான்கு கோத்திரங்கள் இவர்கள் பெற்ற பிள்ளைகளின் வழி.

யர்காவின் மனைவி

வேலைக்காரனின் பெயர் இருக்கிறது. எஜமானின் மகள் பெயர் 35-ல் இல்லை. இதையும் சொல்லுங்கள்.

எஸ்றா 2-ல் "இன்னும் பலர்" என்று முடிப்பது

பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் லேவியர் என்று எண்ணப்பட்டவர்கள் 74 பேர். ஆலயப் பணியாட்களான நிதனீமியரும் சாலொமோனுடைய வேலையாட்களின் வம்சத்தாரும் சேர்ந்து 392. சீகா, அசுபா, தபாகோத் என்று குடும்பம் குடும்பமாகப் பெயர் வருகிறது. மூச்சு வாங்கினாலும் வாசியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த இளம் போதகரிடம் 9-ம் வசனத்தைக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. அச்சகத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டாராம்.