ஜீப் தரையில் ஓட்டை விழுந்தால்

எங்கள் வண்டி மஹிந்திரா சி.ஜே.3பி, பெட்ரோல் ஜீப். அப்பா அதைப் பல வருடம் தூத்துக்குடி உப்பளங்களுக்கு ஓட்டினார். உப்பு ஒட்டிய செருப்போடு ஆட்கள் ஏறி இறங்கிய வண்டி. முன்பக்கத் தரை அரித்துப் போகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். போன தடவை நான் துருவின் மேலேயே தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, சுற்றிலும் தார் பூசினேன். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஐப்பசி மழையில் கிளட்சை மிதிக்கக் குதிகாலை ஊன்றினால், கால் தரைக்குக் கீழே போய்விட்டது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன்.

முதலில் ரப்பர் மேட்டை எடுத்துப் போடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்னும், உளுத்தது 'பொத்' என்னும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்து வரையுங்கள். எனக்குக் கண்ணில் பட்டது உள்ளங்கை அளவு ஓட்டை. வரைந்து முடித்தபோது முறம் அளவு இருந்தது. அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களையும் தட்டிப் பாருங்கள். சட்டம் போயிருந்தால் அதுதான் முதல் வேலை, தரை அப்புறம்.

உப்புப் பட்ட வண்டியென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் காய விடுங்கள். குழிகளில் உப்பு மிச்சம் இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

வெட்டுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எங்கள் வண்டியில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே, தூரமாக வைத்தேன். "காலி டாங்க்தானே" என்று விடக் கூடாது. உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பிரேக் பைப், வயரிங் எங்கே போகிறதென்று பார்த்து ஒதுக்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், மணல்.

கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, சாக்பீஸ் கோட்டுக்கு ஓர் அங்குலம் வெளியே வெட்டுங்கள். விளிம்பைத் தேய்த்தால் வெள்ளையாக மின்ன வேண்டும். பழுப்பும் குழியும் தெரிந்தால் இன்னும் வெட்டுங்கள். மனசு வராதுதான். இரண்டு பக்கத் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடாதீர்கள், பாடி தொய்ந்துவிடும்.

அளவுக்குப் பழைய காலண்டர் அட்டை. ஓட்டையின் மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டினேன். அதை வைத்து 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில், அதாவது துத்தநாகப் பூச்சு இல்லாத 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில், துண்டு எடுத்தேன். ஜி.ஐ. ஷீட் வேண்டாம். அதன் மேலிருக்கும் துத்தநாகம் வெல்டிங்கில் புகையாகி, அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலில் படுக்க வைக்கலாம்.

வெல்டிங்குக்கு சி.ஓ.2 மெஷின் நல்லது, கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மெல்லிய கம்பி தானாக வந்து ஒட்டுகிற வகை. ஆர்க் குச்சியில் இந்தத் தகடு சுலபமாகப் பொத்துவிடும். ஒரே மூச்சில் கோடு இழுக்காதீர்கள், தகடு அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஒரு மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு. கை வைக்கிற சூட்டுக்கு ஆறின பிறகு, நடுவில் நடுவில் நிரப்பிக்கொண்டு வாருங்கள். எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.

கிரைண்டரில் சமப்படுத்தி, மேலும் கீழும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். பிறகு ஒட்டு விளிம்பு முழுக்க சீலன்ட். கீழ்ப்பக்கம் தப்பிவிடக் கூடாது, சக்கரம் அடிக்கிற தண்ணீர் அங்கேதான் ஏறும். அப்புறம் பெயிண்ட், அடியில் அண்டர்கோட்டிங். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசுகிற வழக்கமும் உண்டு. எனக்குப் பிடிக்காது. ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப் போகும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

மேட்டை நான் திரும்பப் போடவில்லை, அடியில் தண்ணீர் தேங்கினால் தெரியாது. கியர்பாக்ஸ் சூடு நேராகக் காலில் ஏறுகிறது என்று அப்பா திட்டிக்கொண்டே வருகிறார்.