துருவ ஒளிப் பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

துருவ ஒளி பார்க்க நார்வேயின் டிரோம்சோவுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் குறுக்கே நிற்பது மேகம்தான். பச்சை ஒளி படர்வது தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே. மேகம் பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அது மூடிக்கொண்டால் மேலே என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது.

அதனால் இரண்டே இரவுக்குப் போகாதீர்கள். டிரோம்சோ கடலோர ஊர். நாள்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும். நான்கைந்து இரவாவது வேண்டும். ஓட்டல் ஜன்னலோரம் காத்திருப்பதும் வீண். ஊர் மூடியிருக்கும் இரவிலும், காரில் சுமார் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஷிபோட்ன் பள்ளத்தாக்கில் நட்சத்திரம் தெரிய வாய்ப்புண்டு. கடற்காற்றின் ஈரத்தை இடையிலுள்ள லிங்கென் (Lyngen) மலைகள் வாங்கிக்கொள்கின்றன. ஸ்வீடனின் அபிஸ்கோவில் வானம் அடிக்கடி தெளிவதும் இப்படித்தான். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் தயவுசெய்து காரை வாடகைக்கு எடுக்க வேண்டாம். வேன் பயணத்தில் சேருங்கள். "மேகம் மூடினால் எவ்வளவு தூரம் வரை கூட்டிப்போவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல் இரவுக்கே பதிவு செய்தால், அன்று தவறினாலும் அடுத்த இரவுகள் மிச்சமிருக்கும்.

கோடையில் போனால் நள்ளிரவிலும் வெளிச்சம்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை சரியான காலம். நீண்ட இரவை நம்பி எல்லோரும் டிசம்பருக்கு ஓடுகிறார்கள். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிய செப்டம்பரிலும் மார்ச்சிலும்தான் துருவ ஒளியைத் தூண்டும் காந்தப்புயல்கள் அதிகம். எங்களைக் கேட்டால் மார்ச் என்போம்.

துருவ ஒளி முன்னறிவிப்புச் செயலியில், காந்தப்புயலின் வலிமையைச் சொல்லும் கேபி (Kp) எண் 2 என்று பார்த்ததும் படுக்கப் போய்விடாதீர்கள். அந்த எண் 0 முதல் 9 வரை போகும். பெரிய எண் தேவைப்படுவது தெற்கே இருப்பவர்களுக்கு. டிரோம்சோவுக்கு 2 போதும். மேக வரைபடத்தை முதலில் பாருங்கள்.

மங்கலான ஒளி கண்ணுக்குச் சாம்பல் புகை போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் போனை இரவுப் பயன்முறையில் வைத்து ஒரு படம் எடுங்கள்; பச்சை விழுந்தால் அதுதான்.

உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் நடுக்கும். மெரினோ கம்பளி போடுங்கள். இறுக்கமான ஷூவில் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் நல்லது.

கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். அதை அணைத்துவிட்டு, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகச் சுருங்கும் வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். முக்காலியில் வைத்து லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 விநாடி என்று தொடங்கலாம். ஒளி வேகமாக ஆடும்போது 2 விநாடிக்கு இறக்காவிட்டால் மடிப்புகள் கலைந்து பச்சைத் தீற்றலாகிவிடும், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; உபரி பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

திரும்பியதும் கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸிலும் உள்ளேயும் நீர் பூக்கும். வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் மூடி, அறையில் ஓரிரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டை மட்டும் முன்பே கழற்றிக்கொண்டால் படங்களை உடனே பார்க்கலாம்.